தாழ்த்திய வண்டியும் தள்ளாடும் சக்கரமும்

பொங்கல் விழா, தமிழ் வகுப்பு, பள்ளிச் சேர்க்கை, மறைந்த பெரியோர் நினைவு என்று வருகிற பக்கங்களுக்கு நடுவே ஒருவன் மோட்டார் காரின் ஸ்பிரிங்கைப் பற்றி எழுதினால் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் இருபது வயதுப் பிள்ளையும், வாசலில் அவன் ஆசைப்பட்டு வாங்கிய பழைய காரும் உள்ளவர்கள் மட்டுமாவது தயவு செய்து நிற்க வேண்டும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கைச் சுற்றி நடக்கிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். பழைய எஸ்டீமோ, ஜென்னோ, ஹோண்டா சிட்டியோ ஒன்று ஊர்ந்து வரும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையாது. வேகத்தடை வந்ததும் ஓட்டுகிற பையன் வண்டியைக் குறுக்காகச் சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவான். அப்படியும் அடியில் கர்ரென்று ஓர் உரசல் கேட்கும். பெஞ்சில் இருக்கும் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். பையனோ ஒரு மகாராஜா போலத் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருப்பான். இதற்குத்தான் லோயரிங் என்று பெயர். வண்டியின் உடம்பைத் தரைக்கு நெருக்கமாக இறக்குவது.

இதில் தகப்பன் கட்சி, பிள்ளை கட்சி என்று இரண்டு கட்சிகள் வீடுதோறும் உண்டு. “கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது?” என்று அப்பா கேட்பார். “உங்களுக்கு ஒன்றும் தெரியாதுப்பா” என்று மகன் சொல்வான். இரண்டு பேரும் வண்டியின் உயரத்தைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். முன் சக்கரங்களைத் தாங்கி நிற்கும் ஆர்ம், புஷ், ஜாயின்ட் ஆகியவை என்ன நிலையில் இருக்கின்றன என்று இருவரில் எவரும் கேட்பதில்லை. உயிர் போவதும் பிழைப்பதும் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

பிள்ளைகளின் ஆசையை நான் பழிக்கமாட்டேன். குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வண்டி மோகம் வருவது நம் ஊரில் மட்டும் உள்ள சங்கதியும் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மெக்சிகோ நாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பழைய ஷெவர்லே வண்டிகளை வாங்கி, தாழ்த்தி, வண்ணம் தீட்டி, மாலை நேரங்களில் தெருவில் மெல்ல ஊர்வலம் விட்டார்கள். லோரைடர் என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. மற்றவர்கள் வேகமாகப் போவதைப் பெருமையாக நினைத்த காலத்தில் இவர்கள் மெதுவாகப் போவதைப் பெருமையாக்கினார்கள். வண்டியின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடி விளிம்புக்குக் கீழே தொங்கக் கூடாது என்று அந்த மாநிலம் 1950-களின் இறுதியில் சட்டம் போட்டது. உடனே 1959-இல் ரான் அகிர்ரே என்பவர் விமானங்களில் பயன்படும் ஹைட்ராலிக் பம்புகளைத் தம் கார்வெட் வண்டியில் பொருத்திவிட்டார். போலீஸைக் கண்டால் சுவிட்சைத் தட்டுவது, வண்டி உயரும். போலீஸ் போனதும் மறுபடி தட்டுவது, வண்டி தாழும். அந்த மாநிலத்தார் தாழ்த்திய வண்டிகள் மீதிருந்த தடையை 2023-இல் புதுச் சட்டம் இயற்றி நீக்கினார்கள். 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது அமலுக்கு வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதைச் சொல்வதற்குக் காரணம், அந்த மெக்சிகோப் பிள்ளைகள் செய்த வேலையின் தரம். பம்பு, வால்வு, ஸ்பிரிங், ஆர்ம் என்று ஒவ்வொன்றையும் தாங்களே கழற்றி, வெல்டிங் வைத்து, அளந்து செய்தார்கள். நம் பக்கத்தில் நடப்பதோ பெரும்பாலும் வேறு. பட்டறைக்குப் போய் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டச் சொல்வது, மாட்டச் சொல்வது, மறுநாள் ‘கம்ப்யூட்டர் அலைன்மென்ட்’ போடுகிற கடையில் நிறுத்துவது, ஒரு காகிதத்தை வாங்கி டாஷ்போர்டில் போட்டுக்கொள்வது. அத்துடன் வேலை முடிந்ததாம்!

வெட்டுவதால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். சுருள் ஸ்பிரிங்கில் சுற்றுக்கள் குறையக் குறைய அது விறைப்பாகும். ஆறு சுற்றுக்கள் வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். கூடுவது தவறில்லை, தாழ்த்திய வண்டிக்கு விறைப்பு கொஞ்சம் வேண்டியதுதான். ஆனால் வெட்டிய முனை, அதற்கென்று வார்த்த கிண்ணத்தில் சரியாக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து விலகும். மீண்டும் பாரம் ஏறும்போது எந்தக் கோணத்தில் வந்து உட்காரும் என்று சொல்ல முடியாது. இதைவிட மோசம், காஸ் டார்ச் வைத்துச் சூடேற்றி ஸ்பிரிங்கை அமுங்க வைப்பது. ஸ்பிரிங் இரும்புக்குப் பதம் என்று ஒன்று உண்டு. சூடுபட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். ஒரு நாள் அங்கேயே முறியும். இந்த வேலையைச் செய்கிறேன் என்று சொல்லும் பட்டறை எதுவானாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

ஸ்பிரிங்கோடு போனால் பரவாயில்லை. நம் ஊரில் ஓடும் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் இருப்பது மேக்பெர்சன் ஸ்ட்ரட் என்கிற அமைப்பு. ஏர்ல் மேக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கியது. 1950-களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் ஃபோர்டு கார்களில் வந்துவிட்டது. நம் மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில், அதிலும் இதுதான். ஒரு நிமிர்ந்த தூண், அதன் மீது ஸ்பிரிங், உள்ளே ஷாக் அப்சார்பர், கீழே ஒற்றை லோயர் ஆர்ம். எளிமையான, மலிவான, இடம் அடைக்காத அமைப்பு. கம்பெனி வைத்த உயரத்தில் அந்த லோயர் ஆர்ம் ஏறக்குறையப் படுத்த வாக்கில், வெளிமுனை சற்றுத் தாழ்ந்து இருக்கும். வண்டியை இறக்கினால் வெளிமுனை மேல்நோக்கி நிமிர்ந்துவிடும்.

இங்கேதான் பிள்ளைகள் அறியாத ஒரு விசித்திரம். வண்டி வளைவில் சாயும்போது ஏதோ ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றித்தான் சாய்கிறது. ரோல் சென்டர் என்பார்கள். வண்டியைத் தாழ்த்தும்போது அதன் பாரத்தின் மையம் எவ்வளவு இறங்குகிறதோ, அதைவிட அதிகமாக இந்தப் புள்ளி இறங்கிவிடுகிறது. ஆக இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கூடுகிறது. சாயும் விசைக்கு நீண்ட கடப்பாரை கிடைத்த மாதிரி ஆகிவிடும். “கீழே இறக்கினால் வளைவில் ஒட்டிக்கொண்டு போகும்” என்று நம்புகிறவன் வண்டியை முன்பைவிட அதிகம் சாய விட்டிருக்கிறான். விறைப்பான ஸ்பிரிங் அதை வெளியே தெரியாமல் மறைக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்டியரிங் டை ராடின் கதையும் இதுவே. லோயர் ஆர்மும் டை ராடும் ஒரே வளைவில் ஏறி இறங்க வேண்டும் என்று கம்பெனியில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். உயரம் மாறினால் இரண்டின் வளைவும் ஒத்துப்போகாது. பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும், ஸ்டியரிங்கைத் திருப்பாமலே சக்கரம் தானாகச் சற்றுத் திரும்பும். பம்ப் ஸ்டியர் என்பது இதுதான். லிங்கராஜபுரம் பக்கத்துச் சாலையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இது தெரியாது. ஓசூர் நெடுஞ்சாலையில் தொண்ணூறில், லாரிக்குப் பக்கத்தில், மழையில் தெரியும்.

ஆகவே பிள்ளை தாழ்த்திய வண்டியை வாங்கி வந்திருந்தால், முதலில் கை வைக்க வேண்டியது பாட்டுப் பெட்டியிலோ பெயின்டிலோ அல்ல. முன்பக்கத்தை முழுக்கக் கழற்றி மறுபடி கட்ட வேண்டும். அதற்கு முன்னால் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!) சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்க்கலாம். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமுமாக ஆட்டும்போது இருந்தால் டை ராட் எண்டு அல்லது ஸ்டியரிங் ராக். இதற்கு எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம், இரண்டு நிமிடம் போதும்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரட்டின் தலையில் உள்ள பெரிய நட்டை, ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸர் போட்டு அமுக்கிக் கட்டாமல் ஒருபோதும் கழற்றக் கூடாது. அமுங்கி நிற்கிற ஸ்பிரிங் விடுபட்டால் துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். வீட்டு வாசலில் யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இது இல்லை. பையன் உடன் நின்று பார்க்கட்டும், கழற்றுவது கைதேர்ந்தவர் செய்யட்டும்.

லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்டு, ஸ்டெபிலைசர் லிங்க், ஸ்ட்ரட் மவுன்ட்டும் அதன் பேரிங்கும், ஷாக் அப்சார்பர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஜே.சி. ரோடில் புதியது கிடைக்கும். சிவாஜிநகர் குஜிரியில் கழற்றிப் போட்ட பழசும் கிடைக்கும். கதவுக் கைப்பிடிக்கும் டிக்கி மூடிக்கும் குஜிரி மிக நல்ல இடம். பால் ஜாயின்டுக்கும் டை ராட் எண்டுக்கும் அங்கே போகக் கூடாது. எவனோ கழித்துப் போட்டதை நாம் காசு கொடுத்து மாட்டிக்கொள்வதா?

இனி நான் சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான சமாசாரம். மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். லோயர் ஆர்ம் புஷ் என்பது இரும்பு வளையங்களுக்கு நடுவே ஒட்டிய ரப்பர். ஆர்ம் ஏறி இறங்கும்போது அந்த ரப்பர் முறுகி, மறுபடி தன் நிலைக்கு வரும். வண்டி தரையில் நிற்கும் சாதாரண உயரத்தில் ரப்பரில் முறுக்கு இருக்கக் கூடாது. ஆனால் பட்டறையில் என்ன செய்கிறார்கள்? வண்டி ஜாக்கியில், சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுக்க இறுக்கிவிடுகிறார்கள். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் நிற்கும். தாழ்த்திய வண்டியில் ஆர்ம் இன்னும் அதிகத் தூரம் ஏறுவதால் முறுக்கும் அதிகம். புதுப் புஷ் சில மாதங்களிலேயே கிழிகிறது. “டூப்ளிகேட் மால் சார்” என்று கடைக்காரர் மேல் பழி போகிறது. போல்ட்டுகளைக் கையால் முடுக்கிவிட்டு, வண்டியைத் தன் சக்கரத்தில் தரையில் நிறுத்தி, இரண்டு முறை அமுக்கி ஆட்டி, அதன் பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். ராம்ப் இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் ஆர்மின் அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டி நிற்கும் உயரத்துக்கு அதைத் தூக்கி நிறுத்திக்கொள்ளலாம். இதைக் கேட்காமலே செய்கிற மெக்கானிக் உங்களுக்குக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொரு வண்டிக்கும் தன் வழி என்று ஒன்று உண்டு. நம் சென்னையிலேயே 1960-களில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதன் முன் சக்கரம் கீழ்ப்புறத்தில் வெண்கலத்தால் ஆன ஒரு மரையில் திருகி நிற்கும். டிரனியன் என்று பெயர். அதற்குக் கியர் ஆயில்தான் போட வேண்டும் என்று கம்பெனிப் புத்தகத்திலேயே இருந்தது. பார்த்த இடத்திலெல்லாம் கிரீஸ் அடிக்கிற பழக்கத்தில் பலர் அதிலும் கிரீஸை அடித்தார்கள். மரை காய்ந்து தேய்ந்து, ஒரு நாள் தண்டு முறிந்து, சக்கரம் மடங்கி வண்டிக்கடியில் போய்விடும். அம்பாசடரிலோ சுருள் ஸ்பிரிங்கே கிடையாது, முறுகி நிமிரும் டார்ஷன் பார். பிரீமியர் பத்மினியில் சுருளும் உண்டு, கிங்பின்னும் உண்டு, அதற்குக் கிரீஸ் கட்டாயம். மூன்றையும் ஒரே கையால் ஒரே மாதிரி கையாண்டவர் மெக்கானிக் ஆகமாட்டார். அந்த நுட்பம் அறிந்த நம் தமிழ் மேஸ்திரிகள் இந்தக் கண்டோன்மென்ட் பகுதியில் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள் என்றால் மிகையாகாது. 1809-இல் கண்டோன்மென்ட் ஏற்பட்ட நாள் முதல் பட்டாளத்தோடும் பட்டாளத்தின் வேலைகளோடும் வந்து குடியேறியவர்கள்தானே நம் முன்னோரில் பலர்? கைத்தொழில்தான் நமக்கு இங்கே சோறு போட்டது.

கட்டி முடித்ததும் அலைன்மென்ட். இதை ஏதோ மந்திரம் போல நினைக்கிறார்கள். தேய்ந்த பால் ஜாயின்டின் மீது அலைன்மென்ட் செய்வது, ஆடும் நாற்காலியில் நின்று சுவரில் படம் மாட்டுவது போல. கடையிலிருந்து வெளியே வந்து முதல் பள்ளத்தில் இறங்கியதுமே அளவு போய்விடும். அதனால் கட்டுவது முன்னே, அலைன்மென்ட் பின்னே. நடுவில் சில நாட்கள் ஓட்டி ஸ்பிரிங் அமரட்டும். நான்கு டயரிலும் காற்றுச் சரியாக இருக்க வேண்டும். ஓட்டுபவரின் எடைக்குச் சமமாக ஏதாவது சீட்டில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது, தாழ்த்திய வண்டியில் அதுவும் கணக்கில் வரும்.

பார்க்க வேண்டியவை மூன்று. ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர், வண்டி நேராக ஓடவும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவும் அது காரணம். சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்வது கேம்பர். இரண்டு சக்கரங்களின் மூக்கும் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ நிற்பது டோ. இந்த வரிசையில்தான் சரி செய்ய வேண்டும், ஏனென்றால் முதல் இரண்டைத் தொட்டால் மூன்றாவது மாறும். பெரும்பாலான சிறிய கார்களில் கம்பெனி கொடுத்திருப்பது டோவை மாற்றும் வசதி மட்டுமே. கடைகளும் அதை மட்டும் திருகிவிட்டு மூன்றுக்கும் காசு வாங்குகின்றன. தாழ்த்தினால் கேம்பர் சற்று உள்ளே சாயும். அதை நிமிர்த்த, ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் கேம்பர் போல்ட் என்ற ஒன்றைப் போட வேண்டியிருக்கும். டோவும் மாறியிருக்கும். உள்ளேயா வெளியேயா என்பது ஸ்டியரிங் ராக் அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

டயரின் உள்பக்கம் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத்தான் குறை சொல்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் பாதிக்கு மேல் குற்றவாளி டோதான். கணக்கு எளிது. ஒரு சக்கரம் தான் போக வேண்டிய திசையிலிருந்து அரை டிகிரி விலகியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்திலும் அது ஏறக்குறைய 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய் வருகிற பையனின் டயர் மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் தரையில் தேய்க்கப்படுகிறது என்று அவனையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினியரிங் படித்தவன்தானே!

ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றால் சில கடைகளில் ஒரு குறுக்கு வழி செய்வார்கள். ஸ்டியரிங்கையே கழற்றி, நேராக வைத்து மாட்டிவிடுவார்கள். பார்வைக்குச் சரியாகிவிடும். ஆனால் ராக் நடுவில் இருக்காது, ஒரு பக்கம் அதிகமும் மறு பக்கம் குறைவுமாகத் திரும்பும். முறையாகச் செய்பவர் ஸ்டியரிங்கை நேராகப் பூட்டிவிட்டு, இரண்டு டை ராடுகளையும் தனித்தனியே திருகி அளவுக்குக் கொண்டு வருவார்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் என்ன செய்தார்கள் என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. நூல் கட்டினார்கள். வண்டியின் இருபுறமும் ஸ்டாண்டு வைத்து, ஒன்றுக்கொன்று இணையாக நூலை இழுத்துக் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் நூலுக்கும், பின் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இரும்பு ஸ்கேலால் அளப்பது. 13 அங்குல ரிம்மில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் டிகிரியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. பொறுமையுள்ள கைக்கு இது போதும். பந்தயக் கார்களுக்கு இன்றும் நூல் கட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

பந்தயம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் வண்டிகளை விரட்டிய தலைமுறை ஒன்று நமக்கு உண்டு. பின்னர் 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தளம் வந்தது. கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில், 1995-இல் மறைந்த கரிவர்தன் பெயரால் ஒரு தளம் 2003-இல் வந்தது. அந்தக் கோவையிலிருந்துதான் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்று வரை போனார். வண்டியைத் தாழ்த்தி வேகம் பார்க்க ஆசைப்படுகிற பையனுக்கு அங்கே இடம் இருக்கிறது. பானஸ்வாடி மெயின் ரோடு அதற்கான இடம் இல்லை.

சட்டத்தையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்திருக்கிறது. உரிமையாளர் என்பதைக் கவனிக்கவும். வண்டி அப்பா பெயரில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அப்பா. மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் இன்ஷூரன்ஸ்காரரும் கையை விரிக்கக் கூடும்.

அப்படியானால் என் தீர்ப்பு என்ன? தினமும் வேலைக்கும் கடைக்கும் ஓடுகிற வண்டியானால், முன்பக்கத்தைக் கட்டும்போதே கம்பெனி ஸ்பிரிங்கைப் போட்டு, பழைய உயரத்துக்கே கொண்டு வந்துவிடுவது நல்லது. பையன் முகம் வாடும், வாடட்டும். சட்டத்தைவிட எனக்கு அதிகக் கவலை நம் வேகத்தடைகளைப் பற்றி. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வகுத்த அளவின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக இருக்க வேண்டியிருந்தது. மாருதி 800-இன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் 2.175 மீட்டர்தான். ஆக முறையான வேகத்தடையில் வண்டி முழுவதுமாக ஏறி முழுவதுமாக இறங்கும், வயிறு தட்டாது. நம் தெருக்களில் ராவோடு ராவாகப் போட்டு வைக்கும் ஒரு முழ அகல மேடுகளில், முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் ஏறாமல், ஆயில் சேம்பர் மேட்டின் மீது உட்காரும். தாழ்த்தாத வண்டியே தட்டுகிற ஊரில் தாழ்த்திய வண்டிக்குச் சொல்லவும் வேண்டுமா? இதற்கு மாநகராட்சியைத்தான் கேட்க வேண்டும். நம் குடியிருப்போர் சங்கங்கள் மேடு போடச் சொல்லி மனுக் கொடுக்கும்போது, அளவையும் எழுதிக் கொடுத்தால் என்ன?

கண்காட்சிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் வைத்திருக்கிற வண்டி என்றால் நான் அவ்வளவு கறாராகச் சொல்லமாட்டேன். அந்த மாதிரிக்கென்றே செய்த ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர், புதுப் புஷ், புது ஜாயின்ட், கேம்பர் போல்ட், முறையான அலைன்மென்ட், ஆயிரம் கிலோமீட்டரில் போல்ட்டுகளை மறுபடி ஒரு பார்வை. இத்தனைக்கும் காசு இல்லை என்றால் தாழ்த்தவும் காசு இல்லை என்றுதான் பொருள். அகலமான ரிம்முக்கும் ஸ்பீக்கருக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் அடியில் படுத்து வேலை செய்த மேஸ்திரியிடம் இருநூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மேஸ்திரியின் மகனும் இன்று கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் போகிறான். யார் குறை சொல்ல முடியும்?

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பட்டிமன்றத்துக்கும் கோலப் போட்டிக்கும் ஆண்டுதோறும் நாள் ஒதுக்குகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம் வட்டாரத்தில் ஓய்வு பெற்றிருக்கும் மூத்த மெக்கானிக் இருவரை அழைத்து, ஒரு பழைய காரைக் கொண்டு வந்து நிறுத்தி, முன்பக்கத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம். உரிய சம்பளமும் கொடுத்துச் சால்வையும் போர்த்த வேண்டும். பையன்களோடு பெண் பிள்ளைகளும் வரட்டும், இப்போது வீட்டு வண்டியை ஓட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான். அப்பாக்களும் வரட்டும். கையில் ஒரு டார்ச்சும், அழுக்கானால் பரவாயில்லை என்கிற ஒரு சட்டையும் இருந்தால் போதும். நூல் கட்ட ஸ்டாண்டும் இரும்பு ஸ்கேலும் என் வீட்டில் இருக்கின்றன, கொண்டு வருகிறேன்.